காற்று கடலுக்குள் ஆற்றலை இறக்குவது எப்படி? ஊருணி முதல் வங்காள விரிகுடா வரை

#1 ஊருணிக்கரை

ஆடியில் மேல்காற்று வீசும்போது காரைக்குடி வட்டாரத்தில் எந்த ஊருணியைப் பார்த்தாலும் சருகும் பாசியும் கிழக்குப் படித்துறையில்தான் ஒதுங்கிக் கிடக்கும். காற்று தள்ளுது, தண்ணி போகுது, இதில் சிக்கல் இல்லை. கடல் என்று வந்ததும் கதை மாறுகிறது. நீர் காற்றுக்கு வலப்பக்கமாகப் போகும் என்கிறார்கள். நம் கிழக்குக் கரையோரம் மார்ச், ஏப்ரலில் காற்று ஓய்ந்து கிடக்கும்போதுதான் வடக்கு நோக்கிய நீரோட்டம் உச்சத்தில் இருக்குமாம். காற்றுதான் கடலை ஓட்டுகிறது என்றால், காற்று ஓய்ந்த மாதத்தில் ஓட்டுவது எது? காற்றிடம் இருக்கும் ஆற்றலில் எவ்வளவு நீரோட்டமாக மாறுகிறது? எண்ணோடு சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

#2 அலைமானி

ஊருணியிலேயே தொடங்குவோம். அங்கேயும் அது அவ்வளவு எளிது இல்லைங்க.

நீர்ப்பரப்பின் மேல் காற்று செலுத்தும் இழுவிசையைத் தகைவு என்போம். சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கணக்கு. காற்றின் அடர்த்தியை இழுவைக் கெழுவால் பெருக்கி, அதைக் காற்று வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ (நம்ம ஊர் வெயிலுக்கு 1.16 என்று வைத்தால் இன்னும் சரி). இழுவைக் கெழு, அதாவது நீர்ப்பரப்பு காற்றை எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கான எண், நொடிக்கு 4 முதல் 11 மீட்டர் வரையுள்ள காற்றுக்கு 0.0012. லார்ஜ், பாண்ட் இருவரும் 1981ல் கொடுத்த எண் இது, இன்றைக்கும் புழங்குகிறது.

நொடிக்கு 7 மீட்டர் காற்று என்றால் தகைவு 0.07 நியூட்டன். ஒரு சதுர மீட்டர் மேல் 7 கிராம் கல்லை வைத்தால் அதன் எடை எவ்வளவோ அவ்வளவு விசை. கடலையே ஓட்டுகிற விசை இவ்வளவுதானா என்று முதலில் எல்லாருக்கும் தோன்றும்.

100 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் உள்ள ஊருணியில் இந்த விசை கிழக்குக் கரையில் நீரை எவ்வளவு ஏற்றும்? தகைவை நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு, ஆழம் மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் சரிவு வரும். அதை அகலத்தால் பெருக்கினால் ஏற்றம். விடை கால் மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கால் மில்லிமீட்டர் மேடுதான் அடிநீரை மேற்கே திருப்பி அனுப்புகிறது. மேலே கிழக்கு, கீழே மேற்கு, கூட்டிப் பார்த்தால் பூச்சியம். சருகு மேலே மிதப்பதால் நமக்குப் பாதிக் கதைதான் தெரிகிறது.

பூமியின் சுழற்சி அங்கே ஏன் வேலை செய்யவில்லை? நம் அட்சரேகை 10 பாகை. பூமி சுழல்வதால் ஓடும் நீரைப் பக்கவாட்டில் திருப்பும் விசையைக் கொரியாலிஸ் விசை என்போம். இங்கே அது, தன்போக்கில் ஓடும் நீரை ஒரு முழு வட்டம் அடிக்கவைக்க 69 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மேல்நீர் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஊருணியைக் கடக்க 8, 9 நிமிடம் போதும். திரும்புவதற்கு முன்னே கரை வந்துவிடுகிறது.

#3 பள்ளத்தூரான்

கணக்கில் ஒரு முடிச்சு. நொடிக்கு 10 மீட்டர் காற்றுக்குத் தகைவு 0.144 நியூட்டன். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன்: சதுர மீட்டருக்கு 1.44 வாட். உலகக் கடல் பரப்பு 36 கோடி சதுர கிலோமீட்டர். பெருக்கினால் 500 டெராவாட்டுக்கு மேல் வருது (ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட்). பெருங்கடல் சுற்றோட்டத்துக்குக் காற்று கொடுப்பது 1 டெராவாட் அளவுதான் என்று கட்டுரைகள் சொல்லுது. எல்லா இடத்திலும் 10 மீட்டர் காற்று வீசாது, சரி. சராசரி 7 என்று போட்டாலும் 170, 180 டெராவாட். மீதி எங்கே போச்சு?

#4 செக்காலை ஆச்சி

எந்த வேகத்தால் பெருக்கினீர்கள் தம்பி? காற்றின் வேகத்தால். அது காற்று இழக்கும் திறன். கடல் பெறும் திறன் வேண்டுமென்றால் நீரின் வேகத்தால் பெருக்க வேண்டும்.

மாவு மில்லில் பெல்ட் வழுக்குவதை நினைத்துப் பாருங்கள். மோட்டார்ப் பக்கத்துச் சக்கரம் வேகமாகச் சுற்றும், அரவைப் பக்கத்துச் சக்கரம் தயங்கித் தயங்கிச் சுற்றும். இரண்டு பக்கமும் இழுவிசை ஒன்றே, வேகம்தான் வேறு. அந்த வித்தியாசம் அத்தனையும் பெல்ட்டைச் சூடாக்கிப் போகும். காற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது அப்படி ஓயாமல் வழுக்கும் ஒரு பெல்ட். உந்தம் முழுதாகக் கைமாறுகிறது, ஆற்றல் மாறுவதில்லை.

மேற்பரப்பு நீர் காற்று வேகத்தில் சுமார் 3 சதவீதம் ஓடும். 10 மீட்டர் காற்றுக்கு 30 சென்டிமீட்டர். ஆக 1.44 வாட்டில் நீரோட்டத்துக்குக் கிடைப்பது அதிகபட்சம் 0.04 வாட். காற்றுக்கும் நீருக்கும் நடுவே கோணம் இருந்தால் அதிலும் குறையும்.

#5 தொண்டித்துறை

ஆச்சி சொல்றது சரி, ஆனா நடுவுல அலையை விட்டுட்டீங்க. காத்து தண்ணியைத் தேய்ச்சு இழுக்குதுங்கிறது இளங்காத்துக்குத்தான் பொருந்தும். நொடிக்கு 7, 8 மீட்டர் தாண்டி, அலை எழும்பி வெள்ளை நுரை தலை காட்டினதுக்கு அப்புறம் காத்து அலையைத்தான் பிடிச்சுத் தள்ளுது. அலையோட காத்துப் பக்க முதுகுல அழுத்தம் கூட, மறுபக்கம் குறைச்சல். பாய் மேல காத்து அழுத்துற மாதிரிதான். ஜெஃப்ரீஸ் 1925ல சொன்ன விஷயம். 1957ல மைல்ஸும் பிலிப்ஸும் தனித்தனியா புது விளக்கம் கொடுத்தாங்க.

டீசல் சிந்தின இடத்துல கடல் பளபளன்னு கண்ணாடியாட்டம் கிடக்கும் பாருங்க. எண்ணெய்ப் படலம் சின்ன நெளிவுகளைச் சாகடிச்சிடும். பிடிமானம் போனதும் அதே காத்துக்கு அங்க தகைவு குறைஞ்சிடும். காத்து மாறலை, தண்ணியோட சொரசொரப்புதான் மாறுது.

நேர் எதிரா இன்னொண்ணு. தூரத்துப் புயல் அனுப்புற நெட்டலை இளங்காத்து நாள்ல காத்தை விட வேகமா ஓடும். அப்போ அலைதான் காத்தைத் தள்ளும். உந்தம் கடல்லேருந்து மேல போகும்! இருமடிச் சூத்திரம் அன்னிக்குப் பொய் சொல்லும்.

#6 அலைமானி

தொண்டித்துறை அண்ணே அலையைக் கொண்டுவந்தது நல்லது. பள்ளத்தூரான் கேட்ட "மீதி எங்கே"வுக்கு விடை அதில்தான் இருக்கு.

காற்று இழக்கும் திறனில் பெரும்பகுதி நீரைத் தொடாமலே, காற்றின் கீழடுக்குக் கொந்தளிப்பில் வெப்பமாகிவிடுகிறது. கடலைத் தொடுவதில் ஆகப் பெரிய பங்கு அலைகளுக்கு: உலகம் முழுக்க 60 டெராவாட் அளவு. அதில் பெரும்பகுதி அலை உடைந்து மேல் சில மீட்டரிலேயே கரைந்துபோகும். அடுத்தது எக்மன் அடுக்கு, அதாவது காற்று நேரடியாக இழுக்கும் மேல்நீர். அதற்கு 2, 3 டெராவாட். கடைசியாக, கண்டம் விட்டுக் கண்டம் ஓடும் பெரும் நீரோட்டங்களுக்கு 0.9 டெராவாட் சுற்றி. வுன்ஷ் 1998ல் செயற்கைக்கோள் கடல்மட்டத்தையும் காற்றுத் தரவையும் சேர்த்துப் போட்ட கணக்கு 0.88. அலைக்கும் எக்மன் அடுக்குக்குமான எண்கள் 2004ல் வாங், ஹுவாங் கணக்கிட்டவை.

இந்தியாவின் மின் நிலையங்கள் எல்லாவற்றின் நிறுவுதிறனையும் சேர்த்தால் அரை டெராவாட் அளவு. அதன் இரண்டு மடங்கு கூட இல்லாத திறன்தான் ஜப்பான் பக்கத்துக் குரோஷியோ நீரோட்டம் முதல் அண்டார்டிகாவைச் சுற்றும் ஓட்டம் வரை எல்லாவற்றையும் ஓட்டுகிறது.

#7 ஊருணிக்கரை

சரி, 0.9 என்கிற கடைசிப் பங்கு சின்னதாக இருந்தாலும் அதுதான் முக்கியம் போல. ஆனால் காற்று தொடுவது மேல்நீரை மட்டும். ஆயிரம் மீட்டர் ஆழம் வரை ஓடும் நீரோட்டத்துக்கு அந்த ஆற்றல் எப்படி இறங்குது? மேலடுக்கு கீழடுக்கை இழுத்து, அது அதற்குக் கீழுள்ளதை இழுத்து, இப்படியா?

#8 செக்காலை ஆச்சி

இல்லை. பாடம் எடுக்கும்போது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தப்பாகிறது.

நார்வே ஆய்வாளர் நான்சென் 'ஃப்ராம்' கப்பலைப் பனியில் உறையவிட்டு 1893 முதல் 1896 வரை ஆர்க்டிக்கில் மிதந்தபோது, பனி காற்றின் திசையில் போகாமல் 20 முதல் 40 பாகை வலப்பக்கமாக விலகிப் போவதைக் குறித்துவைத்தார். அதற்குக் கணக்குச் சொன்னவர் எக்மன், 1905ல். மேலடுக்கு காற்றால் இழுபட்டு வலப்பக்கம் சாயும். அது அடுத்த அடுக்கை இழுக்கும், அது இன்னும் வலப்பக்கம் சாயும், வேகமும் குறையும். அடுக்கடுக்காகத் திருகிக்கொண்டே போய் ஒரு ஆழத்தில் ஓய்ந்துவிடும். அந்த ஆழம் நம் அட்சரேகையில் 10 மீட்டர் காற்றுக்கு, சூத்திரப்படி, 180 மீட்டர் சுற்றி. இழுவை அதற்குக் கீழே போவதே இல்லை. நடைமுறையில் அவ்வளவு கூடப் போகாது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொட்டும் நன்னீர் வங்காள விரிகுடாவின் மேலே லேசான மூடியாகக் கிடப்பதால் பல இடங்களில் 20, 30 மீட்டரிலேயே நின்றுவிடும்.

மேல்நீர் காற்றுக்கு 45 பாகை விலகும் என்று மனப்பாடம் செய்வதை விட்டுவிடலாம். பிசுக்குமை (ஓர் அடுக்கு அடுத்ததைப் பிடித்து இழுக்கும் தன்மை) எல்லா ஆழத்திலும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் வரும் எண் அது. கடலில் அப்படி இல்லை. ஆனால் அடுக்குகளை எல்லாம் கூட்டினால் வரும் மொத்த நீர் காற்றுக்குச் சரியாக 90 பாகை வலப்பக்கம் போகும். பிசுக்குமை என்னவாக இருந்தாலும் இது மாறாது. அளவு: தகைவு ÷ (நீரின் அடர்த்தி × கொரியாலிஸ் கெழு). 10 பாகையில் கெழு 0.0000253. ஆக 10 மீட்டர் காற்றுக்கு, காற்றுத் திசையில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நொடிக்கு 5.5 கன மீட்டர் நீர் பக்கவாட்டில் நகரும்.

#9 அலைமானி

ஆச்சி விட்ட இடத்திலிருந்து.

பக்கவாட்டில் நகரும் நீர் எங்காவது போய்க் குவிய வேண்டும். ஒரு பரப்பின் வடக்கே மேற்குக் காற்றும் தெற்கே கிழக்குக் காற்றும் வீசினால் இரண்டு பக்கத்து நீரும் நடுவே வந்து சேரும். கடல்மட்டம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், அதைச் சமன்செய்ய அடியில் வெதுநீருக்கும் குளிர்நீருக்கும் இடையிலுள்ள எல்லை 30 மீட்டர் போலக் கீழே தள்ளப்படும், ஏனென்றால் இரண்டு நீரின் அடர்த்தி வித்தியாசம் 0.3 சதவீதம் அளவுதான். மேலே ஒரு சாண் கூட இல்லாத மேடு, கீழே பத்து மாடி அளவுக்குப் பள்ளம். ஆற்றல் தங்குவது அங்கேதான். அந்த மேட்டிலிருந்து வழிந்து இறங்க முயலும் நீரைக் கொரியாலிஸ் விசை திருப்பிவிடுவதால் அது மேட்டைச் சுற்றி ஓடுகிறது. இதுதான் புவிச்சுழற்சிச் சமநிலை ஓட்டம்.

பெருங்கடல் அளவில் இப்படிச் சேமித்த நிலையாற்றல், ஓடும் நீரின் இயக்க ஆற்றலைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு. ஆயிரம் மடங்கு வரை கூடப் போகும். நீரோட்டம் என்பது பெரிய கண்மாயின் மடையில் ஓடும் சிறு வாய்க்கால் மாதிரி.

கணக்கை இரண்டு வழியில் சரிபார்க்கலாம். 500 கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு. அதற்கான ஓட்டம் நம் அட்சரேகையில் நொடிக்கு 7.8 சென்டிமீட்டர். அதே திசையில் 0.07 நியூட்டன் தகைவு இருந்தால் பெருக்குத்தொகை சதுர மீட்டருக்கு 5.5 மில்லிவாட். இன்னொரு வழி: அதே தகைவு நகர்த்தும் எக்மன் நீர் மீட்டருக்கு நொடிக்கு 2.7 கன மீட்டர். அந்த நீரை அந்தச் சரிவின் மேல் ஏற்றுவதற்கு ஆகும் திறனைப் போட்டுப் பாருங்கள். அதுவும் 5.5 மில்லிவாட். இரண்டும் ஒன்றே என்பதால்தான் "காற்று நீரோட்டத்தைத் தள்ளுகிறது" என்று எழுதினாலும் "காற்று நீரை மேடேற்றுகிறது" என்று எழுதினாலும் விடை மாறுவதில்லை. நடப்பது என்னவோ இரண்டாவதுதான்.

#10 தொண்டித்துறை

இதெல்லாம் ஆழ்கடலுக்கு. தொண்டிக்கு வெளிய பாக் விரிகுடாவுல வலப்பக்கம் 90 பாகைன்னு நம்பி வலை விட்டா வலை போன இடம் தெரியாது. அங்க பெரும்பகுதி 10 மீட்டர் ஆழந்தான். ஆச்சி சொன்ன 180 மீட்டர் திருகு சுத்துறதுக்கு ஆழமே கிடையாது. அடித்தரை பிடிச்சு நிறுத்திடும். காத்து போற பக்கமேதான் தண்ணியும் போகும், இல்லேன்னா கரையோட ஒட்டிப் போகும்.

ஊருணிக் கணக்கையே அங்க போடுங்க. காத்து ஓடுற தூரம் 100 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழம், 10 மீட்டர் காத்து: ஏத்தம் 14 சென்டிமீட்டர். அதே காத்து 3,000 மீட்டர் ஆழத்துல அரை மில்லிமீட்டர் கூட ஏத்தாது. ஆழம் குறைஞ்சா ஏத்தம் கூடும், இதை மறக்கக்கூடாது.

வாடை நாள்ல வானொலி எச்சரிக்கையில "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65" என்பாங்களே, அதை நொடிக் கணக்குல போட்டா 12.5, 15.3, 18. பதினொண்ணு தாண்டினா இழுவைக் கெழுவும் கூடும்: வேகத்தை 0.065ஆல பெருக்கி, 0.49 கூட்டி, ஆயிரத்தால வகுக்கணும். தகைவு 0.24, 0.42, 0.65. காத்து ஒண்ணரை மடங்கு கூட ஆகலை, இழுவை 2.7 மடங்கு. "இடையிடையே"ங்கிற சொல்லுக்குள்ளதான் ஆபத்து இருக்கு.

புயல் காத்து 30 மீட்டர்னா தகைவு 2.5 நியூட்டன் தாண்டும். 100 கிலோமீட்டருக்கு ஏத்தம் ரெண்டு மீட்டருக்கு மேல. கூடவே காத்தழுத்தம் ஒரு மில்லிபார் குறைஞ்சா கடல் ஒரு சென்டிமீட்டர் உப்பும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை வாரிக்கிட்டுப் போன தண்ணி இப்படி ஏறினதுதான்.

#11 பள்ளத்தூரான்

ஒரு சேர்க்கை: கெழு முடிவில்லாமல் கூடிக்கொண்டே போகாது. 33 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் கூடுவது நின்றுவிடும், குறையவும் செய்யலாம் என்று பவலும் குழுவினரும் 2003ல் புயல்களுக்குள் போட்ட கருவிகளை வைத்துக் காட்டினார்கள். நுரையும் நீர்த்திவலையும் பரப்பை மூடி வழுக்கலாக்கிவிடுகிறது. நேர்கோட்டுச் சூத்திரத்தை 50 மீட்டர் காற்றுக்கு நீட்டினால் புயல் அலையேற்றம் ஏகத்துக்கும் மிகையாக வரும்.

#12 ஊருணிக்கரை

அப்போ நாகப்பட்டினத்துக்கு வடக்கே? ஆடி, ஆவணியில் கரையோரத் தண்ணீர் திடீரென்று சில்லிடும் என்பார்கள்.

#13 செக்காலை ஆச்சி

கோடியக்கரையைத் தாண்டி வடக்கே போனால் ஆழம் சட்டென்று விழுகிறது. அங்கே எக்மனுக்கு இடம் உண்டு. தென்மேற்குக் காற்று கரையோரமாக வடக்கு நோக்கி வீசும். வலப்பக்கம் என்றால் கிழக்கு, கடல் பக்கம். 7 மீட்டர் காற்றுக்கு 12 பாகையில் ஒவ்வொரு மீட்டர் கரைக்கும் நொடிக்கு 2¼ கன மீட்டர் நீர் வெளியே போகும். கரையிலிருந்து நிரப்ப நீர் இல்லை, அடியிலிருந்துதான் வர வேண்டும். 40 கிலோமீட்டர் பட்டைக்குள் அது எழுந்தால் நாளுக்கு 5 மீட்டர் வேகம். 1989 ஜூலை, ஆகஸ்டில் நம் கிழக்குக் கரையில் அளந்து, ஷெட்யேவும் உடனாய்வாளர்களும் 1991ல் வெளியிட்டதும் கரையை ஒட்டிய 40 கிலோமீட்டர் மேலெழுச்சியைத்தான்.

திறந்த கடலில் இதே விஷயம் மிக மெதுவாக நடக்கும்: நாளுக்கு 30, 35 சென்டிமீட்டர்.

#14 பள்ளத்தூரான்

மார்ச் கேள்விக்கு இன்னும் யாரும் வரலை.

#15 அலைமானி

வருகிறேன். அதைச் சொல்ல மேட்டுக் கதை முன்னால் வேண்டியிருந்தது.

ஸ்வெர்ட்ரப் 1947ல் காட்டியது: கடலின் நடுப்பகுதியில் வடக்கு-தெற்கு ஓட்டத்தைத் தீர்மானிப்பது காற்றின் வலிமை அல்ல, அதன் சுழிப்பு. அதாவது பக்கத்துக்குப் பக்கம் காற்று எவ்வளவு மாறுகிறது என்பது. ஒரே சீராக எவ்வளவு பலமாக அடித்தாலும் நடுக்கடலில் மேடோ பள்ளமோ உண்டாகாது. ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் தகைவு சதுர மீட்டருக்கு 0.0000001 நியூட்டன் மாறினாலே, 1,000 கிலோமீட்டர் அகலத்தில் நொடிக்கு 43 லட்சம் கன மீட்டர் நீர் தெற்கேயோ வடக்கேயோ நகரும். திரும்பி வரும் நீர் மேற்குக் கரையோரம் ஒரு ஒடுங்கிய பட்டையில் பாயும். ஏன் மேற்கு என்பதை ஸ்டோமல் 1948ல் விளக்கினார்: பூமி உருண்டையாக இருப்பதால் கொரியாலிஸ் கெழு வடக்கே போகப் போகக் கூடுகிறது. வங்காள விரிகுடாவுக்கு மேற்குக் கரை நம் கரைதான்.

பிப்ரவரி முதல் மே வரை விரிகுடாவின் நடுவே காற்றின் சுழிப்பு கடிகாரத் திசையில். நடுக்கடல் நீர் தெற்கே நகரும், ஈடுகட்ட நம் கரையோரம் வடக்கே பாயும். கரையில் நிற்பவர் முகத்தில் காற்று படாததால் கடலின் மேல் காற்றே இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொரு வரவும் உண்டு. நிலநடுக்கோட்டில் கொரியாலிஸ் இல்லாததால் காற்று நீரை நேராகத் தள்ளும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் அங்கே கிழக்கு நோக்கி ஒரு பாய்ச்சல் ஓடும். கிளாஸ் விர்ட்கி 1973ல் எடுத்துச் சொன்னதால் அவர் பெயரே அதற்கு. அது சுமத்திராவில் முட்டியதும் கரையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரு கெல்வின் அலை கிளம்பும். அந்தமான் கடல், மியான்மர், வங்கதேசம், ஒடிசா, ஆந்திரா என்று விரிகுடாவை ஒரு சுற்றுச் சுற்றி நம் கரைக்கு வரும். வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் போல, தூரம் 5,000 கிலோமீட்டர் என்று வைத்தால் 23 நாள். நம் முன்னோர் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போன பாதைக்கு எதிர்ப்பாதையில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமத்திரா பக்கம் போன மாதம் வீசிய காற்றின் ஆற்றல் இந்த மாதம் கடலூரில் கடல்மட்டத்தை மாற்றும். உள்ளூர்க் காற்றை மட்டும் வைத்து உள்ளூர் நீரோட்டத்தைக் கணிப்பவர்கள் விழுவது இந்தப் பள்ளத்தில்.

#16 ஊருணிக்கரை

இப்போது புரிகிறது. இன்னொன்று: ஆழ்கடல் சுற்றோட்டம் குளிரும் உப்பும் ஓட்டுவது, காற்றுக்கு அதில் வேலை இல்லை என்று பள்ளிப் பாடம் சொல்கிறதே?

#17 செக்காலை ஆச்சி

துருவத்தில் குளிர்ந்து கனத்த நீர் இறங்கும், சரி. இறங்கியது ஏறினால்தானே சுற்று? கனமான நீரை மேலே தூக்க வேலை செய்ய வேண்டும். மங்க், வுன்ஷ் இருவரும் 1998ல் அந்த வேலைக்கு 2 டெராவாட் வேண்டும் என்று போட்டார்கள். அதில் ஒரு பங்கு நிலவின் ஓதத்திலிருந்து, மறுபங்கு காற்றிலிருந்து. தென்கடலில் மேற்குக் காற்று வளையமாக வீசுகிறது, தென்னமெரிக்காவுக்குத் தெற்கே குறுக்கே கண்டம் இல்லை. அங்கே எக்மன் நீர் வடக்கே (தென் அரைக்கோளத்தில் காற்றுக்கு இடப்பக்கம்) விலக, ஆழ்நீர் தானே மேலே வருகிறது. பெரும் நீரோட்டங்களுக்குக் காற்று கொடுக்கும் திறனில் பாதிக்கு மேல் அந்த வளையத்தில்தான் இறங்குகிறது. காரணம் எளிது: பலமான காற்றும் பலமான நீரோட்டமும் ஒரே திசையில் இருக்கும் இடம் அது.

#18 அலைமானி

அதோடு சுழல் மந்த ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளணும். காற்று திடீரென்று ஓய்ந்தால் மேல்நீர் நான் முன்பு சொன்ன அந்த வட்டத்தை அடித்துக்கொண்டே இருக்கும். வளவு ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால் உயர ஏறும் அல்லவா, அதுபோல் காற்றும் அதே கால அளவில் வலமாகத் திரும்பினால் ஆற்றல் ஏராளமாக இறங்கும். 45 பாகையில் அந்தக் காலம் 17 மணி. அங்கே கடக்கும் புயல்களுக்கு அது பொருந்திப்போகும். நமக்கு 69 மணி; இங்கே புயல் ஒரு நாளில் கடந்துவிடும், தள்ளல் நேரம் தப்பிவிடும். வடவரைக்கோளத்தில் புயல் தடத்துக்கு வலப்பக்கம் கடல் கூடுதலாகக் குளிர்வதற்கும் இந்த ஒத்திசைவுதான் காரணம். அங்கே காற்று வலமாகத் திரும்பும், இடப்பக்கம் எதிர்த் திசையில்.

#19 பள்ளத்தூரான்

ஆச்சி சொன்ன திருத்தத்தோடு மறுபடி கணக்குப் போட்டேன். 10 முதல் 15 பாகை, கரையிலிருந்து 300 கிலோமீட்டர். மாதச் சராசரிக் காற்று, செயற்கைக்கோள் கடல்மட்டத்திலிருந்து எடுத்த நீரோட்டம். நவம்பரில் காற்றும் நீரோட்டமும் தெற்கே, சதுர மீட்டருக்கு 20, 30 மில்லிவாட். கணக்குக்காகக் கடலைப் பிரித்த கட்டங்களில் பலவற்றில் பிப்ரவரியில் எதிர்மறை எண். கணினி நிரலில் பிழையா?

#20 அலைமானி

எதிர்மறை பிழை இல்லை. பிப்ரவரியில் வாடையின் எச்சம் இன்னும் தெற்கு நோக்கி வீசும், நீரோட்டமோ வடக்கே திரும்பிவிட்டது. 0.04 நியூட்டன் தகைவு, எதிர்த்து நொடிக்கு அரை மீட்டர் ஓட்டம்: 20 மில்லிவாட் கடலிலிருந்து காற்றுக்குப் போகிறது. அந்த மாதம் காற்று கடலுக்குப் பிரேக்.

ஆனால் மாதச் சராசரிக் காற்றை இருமடியாக்கினீர்களா? அப்படியானால் எல்லாமே குறைவாக வந்திருக்கும். பாதி நாள் 2 மீட்டர், பாதி நாள் 10 மீட்டர் என்று வையுங்கள். சராசரி 6, இருமடி 36. ஒவ்வொரு நாளையும் இருமடியாக்கிச் சராசரி எடுத்தால் 52. தகைவு 44 சதவீதம் கூடுகிறது. 6 மணி நேரத் தரவில் ஒவ்வொன்றுக்கும் தகைவு கண்டு, திசையோடு சேர்த்துப் பிறகு சராசரி எடுங்கள்.

மிதவைத் தரவு பயன்படுத்தினால் உயரம் பாருங்கள். காற்றுமானி 3 மீட்டரில் இருந்தால் 10 மீட்டருக்கு மாற்ற 1.12ஆல் பெருக்க வேண்டும். விட்டுவிட்டால் தகைவில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும்.

#21 செக்காலை ஆச்சி

கடலின் மேல் காற்றின் சார்பு வேகத்தையும் சொல்லிவிடுங்கள். நீரும் ஓடுவதால் காற்று வேகத்திலிருந்து நீரின் வேகத்தைக் கழித்துத்தான் தகைவு காண வேண்டும். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். திறனில் அது ஐந்தில் ஒரு பங்கு வரை குறைக்கும், ஏனென்றால் கடலில் சுற்றும் நீர்ச்சுழலின் இரு பக்கமும் இந்த வித்தியாசம் சுழற்சியை எதிர்த்தே இழுக்கிறது.

#22 அலைமானி

ஆமாம், அதில் ஒரு பொறி உண்டு. இஸ்ரோவின் ஓஷன்சாட்-2 (2009), ஸ்காட்சாட்-1 (2016), இ.ஓ.எஸ்-06 (2022) எல்லாவற்றிலும் ஏற்றி அனுப்பிய சிதறல்மானி (காற்றைக் கணிக்கும் ரேடார் கருவி), கடலில் சென்டிமீட்டர் அளவுள்ள சிற்றலைகளின் எதிரொலியை அளப்பது. அந்தச் சிற்றலையை எழுப்புவதே சார்பு வேகம்தான். அதனால் அந்தத் தரவில் நீரோட்டம் ஏற்கனவே கழிந்திருக்கும். மறுபடி கழித்தால் இரட்டைக் கழிவு. வானிலை மாதிரிக் காற்று என்றால் கழிக்க வேண்டும், சிதறல்மானி என்றால் கூடாது.

கரையை ஒட்டிய 25 கிலோமீட்டர் கட்டங்களையும் தூக்கிவிடுங்கள். நிலத்தின் எதிரொலி கலந்து காற்று பொய்யாகக் கூடும். பாக் விரிகுடாவுக்கு இதனாலேயே சிதறல்மானி அதிகம் உதவாது. இரு பக்கமும் கரை நெருக்கம்.

#23 தொண்டித்துறை

பாக் விரிகுடாவுக்கு நேர்ல அளந்த காத்து வேணும்னா அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க. நொடிக்கு மீட்டரா, நாட்டா, மணிக்குக் கிலோமீட்டரான்னு மட்டும் முதல்ல கேட்டுக்குங்க. ஒரு நாட்டுன்னா 0.514 மீட்டர். நாட்டை மீட்டர்னு நினைச்சு இருமடியாக்கினா தகைவு நாலு மடங்கு நிக்கும்.

#24 பள்ளத்தூரான்

6 மணி நேரத் தரவில் மறுபடி ஓட்டினேன், மாதிரிக் காற்று, நீரோட்டம் கழித்து, கரைக் கட்டங்கள் நீக்கி. நவம்பர் முன்பை விடக் கூடியிருக்கு. பிப்ரவரி இன்னும் எதிர்மறைதான். மார்ச்சில் தகைவு 0.02க்குக் கீழே, நீரோட்டம் வருடத்திலேயே பலமாக, திறன் ஏறக்குறைய பூச்சியம்.

#25 அலைமானி

மார்ச் பூச்சியம் சரிதான். அந்த ஓட்டத்துக்கான கணக்கை உங்கள் 300 கிலோமீட்டர் பட்டைக்கு வெளியே, விரிகுடாவின் நடுவே, காற்றின் சுழிப்பில் போட வேண்டும். பட்டையை 92 பாகை கிழக்கு வரை அகட்டி ஓட்டிப் பாருங்கள். சுழிப்பு காணும்போது கட்ட அளவைப் பாகையில் விட்டுவிடாமல் மீட்டருக்கு மாற்றுங்கள். 10 பாகை அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை 109.6 கிலோமீட்டர், 15ல் 107.5.